அறுபத்தைந்து கிலோவுக்கு உட்பட்டோர்

எதிரில் யாராவது மூச்சைப் பிடித்தால் நான் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் ஒரே சுரத்தில் நிற்பார், சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள், எனக்கு உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீரிட்டு அழுது, சத்தம் வராமல் வாயைத் திறந்தபடி இருக்கும்போதும் அப்படித்தான். இருபதைத் தாண்டினால் நெஞ்சு இறுகும். இருபத்து மூன்றில் என் தொண்டை அடைக்கும். இருபத்து நான்கு வந்துவிட்டால்தான் எச்சில் இறங்கும். டாக்டரிடம் இதைச் சொன்னேன். ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "வயசாயிருச்சுங்க, எதையும் எண்ணிக்கிட்டு இருக்காதீங்க" என்றார். கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து முப்பத்து நான்கு வருடம் ஓட்டியவனிடம் சொல்கிற பேச்சா அது? என் வீட்டுப் படிகள் பதினேழு. மாத்திரை காலையில் மூன்று, இரவில் இரண்டு. எண்ணாமல் விட்டால் ஏதாவது ஒன்று தொலைந்துபோகும்.

அந்த இருபத்து மூன்று என்னிடம் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளில் நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. மனைவியின் ஊர் அங்கிருந்து சைக்கிளில் அரை மணி நேரம். மாமனார் முன்பே போய்விட்டார். அந்த வீட்டில் மாமியாரும் மச்சானும் மட்டும். மச்சான் என் மனைவிக்கு ஒரே தம்பி. நாலு ஏக்கர் மேட்டாங்காடு, அதில் கடலையும் சோளமும். கிணறு ஒன்று உண்டு; மழை ஏமாற்றிவிட்டால் பாதி வருடம் அதில் பாறைதான் தெரியும். மச்சானுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன். எங்கள் வட்டாரத்தில் அவனைப்போலக் கபடி பாடிப் போகிறவன் கிடையாது. ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிரணிக்குள் நுழைந்து, மூச்சு அறுவதற்குள் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அதில் அவசரமே காட்டமாட்டான். சந்தைக்குப் போய் வருகிறவன்போல் போய் வருவான்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு வேலை. ஓர் அரசுத் துறை தன் கபடி அணிக்கு ஆள் எடுக்கப் போகிறது, பங்குனியில் சேலம் சூரமங்கலத்தில் நடக்கும் போட்டிக்கு அந்தத் துறையின் ஆட்கள் இரண்டு பேர் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அன்று அவன் ஆட்டம் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டால் மாதச் சம்பளம், சீருடை, ஓய்வூதியம். தவறினால் அதே மேட்டாங்காடு. அந்த வாய்ப்பு மறுபடி வருமா என்று யாருக்கும் தெரியாது.

சனி ஞாயிறுகளில் நான் போய் அவனுடைய பயிற்சியைப் பார்ப்பேன். விடிந்ததும் ஏரிக்கரையில் ஓட்டம். பிறகு மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. கடைசியில் கிணறு. கழுத்தளவு தண்ணீரில் நின்று பாடுவான். தண்ணீர் நெஞ்சை நெருக்கும்போது பாடிப் பழகினால் தரையில் மூச்சு நீளும் என்பது அந்த ஊர் ஆட்டக்காரர்களின் வழக்கம். நான் கிணற்றுப் படியில் உட்கார்ந்து எண்ணுவேன். அவனுடைய உச்சம் நாற்பத்தொன்று. கல்கட்டில் குரல் மோதித் திரும்பும்போது உள்ளே இரண்டு பேர் பாடுவதுபோல் கேட்கும். அவன் நிறுத்திய பிறகும் அந்த இரண்டாவது ஆள் ஒரு நொடி அதிகமாகப் பாடுவான்.

நகர நூலகத்திலிருந்து உடலியல் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து படித்திருந்தேன். அதை வைத்து ஊர்க் கபடி அணித்தலைவனோடு எனக்கு எப்போதும் வாக்குவாதம். அவனுடைய குடும்பத்துக்கு வெல்ல மண்டி. மண்டித் தராசில்தான் எல்லோருக்கும் எடை பார்ப்பான். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகள் வந்துகொண்டிருந்த காலம். ஓடு கீறல் விட்ட முட்டைகளைப் பண்ணையிலிருந்து தட்டுத் தட்டாக வாங்கி வந்து பச்சையாக உடைத்து, பாலில் கலக்கி எல்லோருக்கும் ஊற்றுவான்.

"வேக வைத்துக் கொடு. பச்சையாகக் குடித்தால் பாதி சத்து உடம்பில் சேராது" என்றேன்.

"வேகவெச்சா சத்தெல்லாம் ஆவியாப் போயிருமுங் வாத்தியாரே. கோழி என்ன அடுப்புலயா முட்டை உடுது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். முட்டையையாவது விடலாம். ஆட்டத்துக்கு நடுவே தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதுதான் அவர்களுடைய பெரிய சட்டம். தண்ணீர் குடித்தால் மூச்சு உடைந்துவிடுமாம். இரண்டு மணி நேரம் வெயிலில் ஆடுவார்கள். வாயைக் கொப்பளித்துத் துப்புவார்கள். விழுங்கியவனைக் கேலி செய்வார்கள். வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும், இரண்டையும் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தர வேண்டும், உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு போதும் என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "பாடம் பள்ளிக்கூடத்துலீங்க, ஆட்டம் இங்கீங்க" என்பான் அணித்தலைவன். இப்போது காலையில் நான் நடக்கப் போகும் மைதானத்தில் பத்து வயதுப் பிள்ளைகள்கூட இடுப்பளவு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை வாய் குடிக்கிறார்கள் என்று எண்ணுவேன். முதலில் சிரிப்பு வரும். பிறகு அங்கே நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

சிக்கல் எடையில் வந்தது. சூரமங்கலத்துப் போட்டி அறுபத்தைந்து கிலோவுக்கு உட்பட்டோருக்கு. போட்டிக்குப் பத்து நாள் முன்பு மண்டித் தராசில் மச்சான் அறுபத்தெட்டரை. கடலை அறுவடை முடிந்து வீட்டில் இருந்த நாட்கள், அம்மாவின் சமையல், ஏறிவிட்டது. மூன்றரைக் கிலோ இறங்க வேண்டும். சாப்பாட்டைக் குறைத்தே ஆக வேண்டும்.

அந்த வீட்டில் அது நடக்காத காரியம். என் மாமியாரின் வாயில் நாள் முழுக்க ஒரே கேள்விதான் இருந்தது: "சோறு உண்டயா சாமி?" தபால்காரரைக் கேட்பார், கடலை கொத்த வந்தவர்களைக் கேட்பார், மகனை நாளுக்கு ஆறு ஏழு தடவை கேட்பார். உண்டேன் என்றால் "எப்ப?" என்பார். பசியில்லை என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். கோபித்துக்கொண்டு காட்டுக்குப் போனால் வரப்பில் பின்னாலேயே தூக்குப்போசி வரும். களியை உருட்டி, குழி பறித்து, கீரைக் கடைசலை ஊற்றி வைத்தால் முடிக்காமல் எழக் கூடாது. புருஷனை இழந்தபின் அவருடைய தைரியமெல்லாம் மகன் சாப்பிட்ட தட்டில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். அங்கே ஒருவன் பட்டினி கிடக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரே வழிதான் இருந்தது. சாமி.

மாரியம்மன் நோன்பு சாட்டியிருந்த சமயம். மச்சான் போய்க் காப்புக் கட்டிக்கொண்டான். பதினைந்து நாள் விரதம், கடைசி நாள் குண்டம் இறங்கித் தணலில் பூ மிதிப்பதாக வேண்டுதல். காப்புக் கட்டியவனுக்கு ஒரு பொழுதுதான் சாப்பாடு. மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் அப்பா பூ மிதித்தவர்; மகன் அதுவரை மிதித்ததில்லை. "வேலை கெடைக்கோணும்னு ஆத்தாளை நெனச்சு எம் பையன் தானா கட்டிக்கிட்டான்" என்று தெருவெல்லாம் சொன்னார். மஞ்சள் தோய்த்த நூலை அவன் மணிக்கட்டில் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டார். ஒரு பொழுது அரிசிச் சோற்றுக்குக் குளித்துவிட்டு வந்துதான் உலை வைத்தார். கேள்வியைக்கூட மாற்றிக்கொண்டார்: "ஒரு பொழுது உட்டாச்சா சாமி?"

போட்டி காப்புக் கட்டிய ஒன்பதாவது நாள். காப்புக் கட்டியவன் இரவு வெளியூரில் தங்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவதாகப் பூசாரியிடம் சொல்லி அனுமதி வாங்கினார்கள். முதல் பேருந்தில் நானும் ஏறினேன். மச்சான் பின்னாலேயே ஏறினான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வாயில் எதையோ ஒதுக்கிவைத்து, ஜன்னல் வழியாக எச்சிலைத் துப்பிக்கொண்டே வந்தான்.

"வாயில் என்ன?"

"புளிங் மாமா."

"புளியா?"

"எச்சி ஊறுமுங்க. துப்பத் துப்ப எடை கொறையுமாம்."

முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்றான். பகல் வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் ஓடியிருக்கிறான். எனக்கு ஆத்திரம் வந்தது. "உடம்பில் இருக்கும் தண்ணீரைப் பிழிந்தால் அது எடைக் குறைப்பா? கொழுப்பு குறைய மாதக் கணக்கில் ஆகும். நீ குறைத்தது ரத்தத்தில் இருக்கும் தண்ணீரை" என்றேன். அவன் தலையைக் குனிந்தபடி மணிக்கட்டு நூலைத் திருகினான்.

"வேற எப்புடீங் மாமா? இத்த எங்கம்மாகிட்டச் சொல்லிப் பட்டினி கெடக்க முடியுமா? அதான் காப்புக் கட்டுனன்."

"அம்மனுக்கு இல்லையா அது?"

ஜன்னல் வழியாக ஒரு தடவை துப்பினான். பிறகு சிரித்தான். வெடித்த உதடு வலித்திருக்க வேண்டும், பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

"பாதி அம்மனுக்கு, பாதி தராசுக்குங்க."

மைதானத்தில் எடை பார்த்தார்கள். முள் அறுபத்தைந்தைத் தாண்டி ஒரு மயிரிழை நின்றது. சட்டை, பனியன், அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்தான். இன்னும் அந்த மயிரிழை போகவில்லை. அணித்தலைவன் கத்தினான்: "அந்தக் காப்பையும் அவுத்துப் போடுறா! அதுல ஒரு சேரு மஞ்சள் இருக்குது."

"அது வேண்டாம்."

"என்றா வேண்டாம்? கட்டுனதே இதுக்குத்தானடா!"

"வேண்டாங்கறனல்ல."

நூலைக் கையால் மூடிக்கொண்டான். மூச்சை முழுக்க வெளியே விட்டு அசையாமல் நின்றான். முள் ஆடியது, கோட்டில் நின்றது. எடை பார்த்தவர் சரி என்று தலையாட்டினார். நூலை ஏன் அவிழ்க்க மாட்டேன் என்றான் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். பாதியாவது தராசுக்காகக் கட்டியதாக இருந்தால் அவிழ்த்திருக்கலாம். அவன் என்னிடம் சொன்ன பாதிப் பாதிக் கணக்கு சரியில்லை என்றுதான் தோன்றுகிறது. அவனுக்கே அது தெரிந்திருக்காது.

எடை முடிந்ததும் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். காப்பு இருப்பதால் முட்டை கூடாது. வாழைப்பழத்தை உரித்து உரித்துக் கொடுத்தார்கள். குளுக்கோஸ் பொடியை உள்ளங்கையில் கொட்டி நக்கச் சொன்னார்கள். நான் ஓடிப்போய்க் கடையில் உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு வாங்கி வந்தேன். இரண்டு வாய் விழுங்கினான். அணித்தலைவன் சொம்பைப் பிடுங்கிக்கொண்டான்.

"வயித்துல தண்ணிய ரொப்பிக்கிட்டு எப்புடிப் பாடுவான் வாத்தியாரே? ஆட்டம் முடியட்டும், கொடத்தோட குடிக்கட்டும்."

மச்சான் என்னையும் பார்த்தான், அவனையும் பார்த்தான். பிறகு ஆடுகளத்தைப் பார்த்து நடந்துவிட்டான். துறையின் ஆட்கள் இரண்டு பேரும் பந்தலுக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் ஆட்டம் எளிதாக முடிந்தது. மச்சான் எதிராளியைத் தொட்ட ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு பேரில் ஒருவர் மற்றவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அணித்தலைவன் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா?" என்றான். இரண்டாவது ஆட்டம் உச்சிவெயிலில். மைதானத்தில் நிழலே இல்லை. ரயில்வே குடியிருப்புப் பக்கமிருந்து அனல் அலையாக வந்தது. மச்சானின் மேல் ஒரு துளி வியர்வை இல்லை. அதைப் பார்த்து, "பாருடா, காஞ்ச மிளகா மாதிரி நிக்கறான்" என்று ஒருவன் பெருமையாகச் சொன்னான். வியர்க்க உடம்பில் ஒன்றும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. கோட்டோரம் போய், போகாதே என்று கை காட்டினேன். அவன் பாடிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பழக்கத்தில் எண்ணினேன். பத்து வரைக்கும் குரல் சரியாக இருந்தது. பதினைந்தில் ஒருவனைத் தொட்டான். திரும்பினான். பதினெட்டில் காலை இழுத்தான். குரக்களி பிடித்துவிட்டது என்று தெரிந்தது. கெண்டைச் சதை முடிச்சாக எழுந்து நின்றதை இங்கிருந்தே பார்த்தேன். இருபது, இருபத்தொன்று. கோட்டுக்கு மூன்றடிகூட இல்லை. எதிரணியினர் பிடிக்கவே இல்லை, அவன் முகத்தைப் பார்த்து விலகி நின்றார்கள். இருபத்து மூன்றில் பாட்டு நின்றது. வாய் மட்டும் அசைந்தது. அப்படியே முகம் குப்புற விழுந்தான். காப்புக் கட்டிய கை கோட்டை நோக்கி நீண்டு, ஒரு சாண் குறைவாகக் கிடந்தது.

நடுவர் விசில் ஊதினார். அவுட்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்சியில் கொண்டுபோனோம். உடம்பெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தது. ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. கடைசியில் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது. நர்ஸ் அம்மா கத்தரிக்கோலை எடுத்துக் காப்பை வெட்டிவிட்டார். மஞ்சள் நூல் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. 

ஆள் போய்ச் சொல்லி, பொழுது சாயும் நேரத்தில் என் மனைவியும் மாமியாரும் வந்து சேர்ந்தார்கள். மாமியாரின் கையில் தூக்குப்போசி. குளித்துவிட்டு ஆக்கிய ஒரு பொழுதுச் சோறு. வழியெல்லாம் அம்மனை வேண்டிக்கொண்டே வந்திருக்கிறார். வாசலில் நின்று உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இந்த மாதிரி பட்டினி? சிறுநீரே வரலை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும். எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

அணித்தலைவன் பயத்தில் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் சொன்னான்: "எடை கொறைக்கத்தானுங்க டாக்டர். ஊட்டுல உட மாட்டாங்கன்னு காப்புக் கட்டிக்கிட்டானுங்க. வேண்டுதலெல்லாம் சும்மாங்க."

திரும்பிப் பார்த்தபோதுதான் வாசலில் நின்றவரை அவன் கண்டான்.

மாமியார் அழவில்லை. உள்ளே வந்து தூக்குப்போசியைத் தரையில் வைத்தார். குனிந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த நூலை எடுத்து முந்தானையில் முடிந்தார். மச்சான் கண்ணைத் திறந்திருந்தான். அவனைப் பார்த்து ஒரே ஒரு தடவை கேட்டார்:

"என்ற சோத்துக்குப் பயந்துக்கிட்டா ஆத்தாளை இழுத்தே?"

அவன் வாயைத் திறந்தான். காற்றுகூட வரவில்லை. எனக்குள் எண்ணிக்கை ஓட ஆரம்பித்தது.

துறையின் ஆட்கள் எதிரணியிலிருந்து ஒரு பையனை எடுத்துக்கொண்டார்கள் என்று மறுநாள் தெரிந்தது. அது அப்போது எங்களுக்குப் பெரிய செய்தியாகத் தோன்றவில்லை. ஆறு நாள் கழித்து ஊரில் குண்டம். மச்சான் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மாமியார் விடியற்காலையில் குளித்து, அந்த வெட்டுப்பட்ட நூலையே முடிச்சுப் போட்டுத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். வேண்டாம் அத்தை என்று நானும் சொன்னேன், பூசாரியும் சொன்னார். கேட்கவில்லை. தணலின் மேல் ஏழு அடி வைத்தார். ஓடவில்லை, நடந்தார். என் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நான் மூடவில்லை.

மச்சான் வீடு திரும்பிய அன்று நான் கூட இருந்தேன். மாமியார் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், தண்ணீர் வைத்தார். எல்லாம் சரியாக நடந்தது. ஏதோ குறைகிறது என்று எனக்குப் பட்டது. என்ன என்று பிடிபடவில்லை. மறுவாரம் போனபோது பிடிபட்டது. மகனிடம் அந்தக் கேள்வி இல்லை. என்னை வாசலிலேயே, "சோறு உண்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். அணித்தலைவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றபோது அவனையும் கேட்டார். தபால்காரரைக் கேட்டார். மகன் காட்டிலிருந்து வந்து படியேறினான். அவனுக்குத் தட்டு வந்தது, கேள்வி வரவில்லை. போதுமா என்றும் கேட்கவில்லை. அவன் கையை நீட்டி மறைக்கும் வரை போட்டுக்கொண்டே இருந்தார்.

அவன் முயன்று பார்த்தான். ஒரு நாள் என் கண்ணெதிரே மூன்று உருண்டைக் களி தின்றான். நாலாவதற்குத் தட்டை நீட்டினான். அம்மா போட்டார். அதையும் தின்றுவிட்டு, தட்டைக் கழுவாமல், கை காயக் காய உட்கார்ந்திருந்தான். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு அவர் மாட்டுக்குத் தீவனம் போடப் போய்விட்டார்.

அம்மன் மூச்சை அறுத்துவிட்டாள் என்று ஊர் சொன்னது. உப்பும் தண்ணீரும் இல்லாமல் தசை இழுத்தது, அவ்வளவுதான் என்று நான் எல்லோரிடமும் விளக்கினேன். கரும்பலகையில் எழுதிக் காட்டாத குறை. அது உண்மைதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் கிணற்றங்கரையில் போய் நின்றால் என் விளக்கமெல்லாம் போய்விடும். மச்சான் அதன்பிறகு கிணற்றில் இறங்கவே இல்லை. கோடையில் தண்ணீர் வற்றிய கிணற்றுக்குள் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரின் சத்தமோ, குருவிச் சத்தமோ மோதித் திரும்பும். அவன் நிறுத்திய பிறகும் பாடிய அந்த இரண்டாவது ஆள் அங்கேயே இருக்கிறான், யாரோ வந்து முதலில் பாடட்டும் என்று காத்திருக்கிறான் என்று தோன்றும். நான் உடனே சைக்கிளை எடுத்துவிடுவேன்.

மறு வருடம் அவன் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து ஆந்திராவுக்குப் போனான். பிறகு மராட்டியம், மத்தியப் பிரதேசம். ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிற வேலை. மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பும். அது போக நோன்புக்கு ஒரு தடவை விடுப்பு வாங்கி வருவான். ஒவ்வொரு வருடமும் காப்புக் கட்டினான். அதெல்லாம் முழுவதும் அம்மனுக்குத்தான். பதினைந்து நாளும் ஒழுங்காக ஒரு பொழுது இருந்து, பூ மிதித்துவிட்டுப் போவான். கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் நிற்பான். "போய்ட்டு வாரேம்மா." "ம்." அவ்வளவுதான். மாமியார் தூக்குப்போசி நிறையக் கட்டிச்சோறு கட்டிக் கொடுத்திருப்பார். அதை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போவான்.

மாமியாரின் உடம்பு வருடத்துக்கு வருடம் சுருங்கியது. எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் என் மனைவி அங்கே நாலு நாள் இருந்துவிட்டு வந்து சொன்னாள்: "அம்மா ஒரு வேளைதானுங்க உங்கறாங்க. அந்த வருசத்துல இருந்தே அப்புடித்தானாமா. பக்கத்து ஊட்டக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்."

நான் போய்க் கேட்டேன். இந்த வயதில் ஒரு வேளை போதாது, பால், பயறு, முட்டை ஏதாவது சேர வேண்டும், எலும்பு தேய்ந்துவிடும் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பசிக்கறதில்லீங் மாப்பிள்ளை" என்றார். "நீங்க உண்டீங்களா?"

எண்பதுகளின் கடைசியில் ஒரு மதியம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழவில்லை. மச்சான் மத்தியப் பிரதேசத்தில் எங்கோ இருந்தான். தந்தி போய்ச் சேர்ந்து, அவன் ரயில் ஏறி, மூன்றாம் நாள் வந்தான். எல்லாம் முடிந்திருந்தது. உறவில் ஒருவர் கொள்ளி வைத்திருந்தார். வந்தவன் யாரிடமும் பேசாமல் சமையல் கட்டில் போய் நின்றான். தலைமுடியிலும் இமையிலும் பாறைத்தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. முப்பத்திரண்டு வயதில் கிழவன்போல் இருந்தான்.

கருமாதியன்று படையல். வாழையிலை விரித்து, அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். களி, கீரைக் கடைசல், அரிசிச் சோறு, தயிர். மச்சான் தானே ஒவ்வொன்றாகப் பரிமாறினான். போதும் என்று என் மனைவி சொன்ன பிறகும் வைத்தான். இலை கொள்ளவில்லை, இன்னோர் இலையைப் போட்டு அதிலும் வைத்தான். அந்தப் பத்துச் சொச்சம் வருடத்தில் அவர் விட்ட வேளைகள் எத்தனை என்று நான் பெருக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். என் வாழ்க்கையில் முடிக்காமல் விட்ட பெருக்கல் அது ஒன்றுதான்.

சூடம் காட்டினோம். போனவர் வந்து உண்ணட்டும் என்று எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வழக்கமாக இரண்டு நிமிடம் விடுவார்கள். மச்சான் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தான். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான். 

அவன் உதடு அசைந்தது. முதலில் சத்தம் வரவில்லை. பிறகு கதவிடம் கேட்டான்:

"சோறு உண்டயாம்மா?"

எனக்கு எண்ணிக்கை ஓடியது. உள்ளே அமைதி. அவன் மூச்சை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பதினைந்து. பதினெட்டு. இருபதில் என் நெஞ்சு இறுகியது. இருபத்தொன்றில் என் மனைவி முன்னால் வந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"சித்த இரு அக்கா" என்றான். "அம்மா மெதுவாத்தான் உங்கும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அன்று கதவை வெகுநேரம் திறக்கவில்லை. களி ஆறி இறுகிப்போயிருக்கும், தயிர் புளித்திருக்கும் என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஆனாலும் திற என்று நான் சொல்லவில்லை.